நேற்றைய மக்கள் கண்ட நாளைய மோட்டார்

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தங்கள் கண்காட்சிக்கென்று ஒரு சிறிய திரைப்படம் எடுத்தார்கள். தகப்பனார், தாயார், மகன், மகள் ஆகிய நால்வரும் வெயில் வேளையில் மோட்டாரில் போகிறார்கள். சாலையில் முன்னும் பின்னும் வண்டிகள் நெருங்கி நிற்கின்றன. ஓரடி நகரவும் வழியில்லை. வியர்த்து விறுவிறுத்து அலுத்துப்போன அந்தக் குடும்பம் எதிர்காலத்தைப் பற்றி ஏக்கத்துடன் எண்ணமிடுகிறது. உடனே காட்சி மாறி 1976-ஆம் ஆண்டு பிறந்துவிடுகிறது. இப்போது அவர்கள் அமர்ந்திருப்பது ஆகாய விமானம் போன்ற ஒரு வண்டியில். தகப்பனார் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் ரேடியோ மூலம் பேசி அனுமதி பெறுகிறார். பிறகு ஓட்டும் வேலையை வண்டியிடமே ஒப்படைத்துவிடுகிறார். அது தானே வழி கண்டு விரைகிறது. குடும்பத்தார் கவலையின்றிப் பாட்டுப் பாடிக்கொண்டு பிரயாணம் செய்கிறார்கள்.

1976-ஆம் ஆண்டு உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1973-இல், மேற்காசியாவிலிருந்து வரும் எண்ணெய்க்கு நெருக்கடி ஏற்பட்டிருந்தது. எண்ணெயை மிச்சப்படுத்துவதற்காக அமெரிக்க அரசாங்கம் 1974 ஜனவரியில் ஒரு சட்டம் செய்து, நாடெங்கும் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாதென்று விதித்திருந்தது. ஆகவே, திரைப்படக் குடும்பம் காற்றாய்ப் பறந்த அதே ஆண்டில், உண்மையான குடும்பங்கள் முன்னைவிட மெதுவாகவே சென்றுகொண்டிருந்தன. சாலை நெரிசலோ, எப்போதும்போல் இருந்தது.

முன்னோரின் கனவைப் பார்த்து நகைப்பதற்காக இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கனவைக் கண்டவர்கள் அறிவிலிகளல்லர். தம் காலத்து எஞ்சினியர்களிலும் கலைஞர்களிலும் சிறந்தவர்கள். அவர்கள் சொன்னவற்றுள் பல பலித்தும் இருக்கின்றன. ஆனால், எவை பலித்தன, எவை பலிக்கவில்லை, எவற்றை அவர்கள் பார்க்கவே இல்லை என்று பிரித்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியமான செய்தி கிடைக்கிறது. நம் காலத்திலும் எதிர்காலத்தைப் படம் போட்டுக் காட்டுகிறவர்கள் நிறைய இருப்பதால், இளைஞர்களாகிய உங்களுக்கு அது பயன்படும் என்று நினைக்கிறேன்.

இந்த வண்டிகளுக்கு அந்நாளில் கனவு வண்டிகள் என்றே பெயர். விற்பதற்காக அல்ல, காட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. இவற்றுள் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1938-இல் செய்யப்பட்ட ப்யூக் ஒய்-ஜாப் என்னும் கறுப்பு நிற வண்டி. அதன் முன்விளக்குகள் வேண்டாதபோது மறைந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடிகள் மின்சாரத்தால் ஏறி இறங்கும். அதைச் செய்வித்தவர் ஹார்லி ஏர்ல் என்பவர். இந்தக் கதையின் நாயகர் அவரே என்று சொல்லலாம்.

ஏர்ல் 1893-இல் ஹாலிவுட்டில் பிறந்தவர். தகப்பனார் குதிரை வண்டி கட்டும் தொழிலில் இருந்து மோட்டார் வண்டிகளுக்கு மேற்கூடு கட்டும் தொழிலுக்கு மாறியவர். சினிமா நட்சத்திரங்களுக்கு அவரவர் ஆசைக்கேற்ப வண்டி அலங்காரம் செய்து கொடுத்துப் பழகிய மகன், 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, வண்டிகளின் உருவத்தையும் வர்ணத்தையும் கவனிப்பதற்கென்றே ஏற்பட்ட இலாகாவுக்குத் தலைவரானார். உலோகத்தைத் தொடுமுன் களிமண்ணால் முழு அளவு வண்டியை உருவாக்கிப் பார்க்கும் வழக்கம் மோட்டார்த் தொழிலில் பரவியது அவரால்தான். அவர் யந்திர நூல் பயின்ற எஞ்சினியர் அல்லர். கண்ணுக்கு எது பிடிக்கும் என்று அறிந்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையாகாத வண்டிக்குக் கம்பெனி ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும் என்று கேட்கலாம். 1920-களின் இறுதிக்குள், மோட்டார் வாங்க வசதியுள்ள அமெரிக்கர்களில் பெரும்பாலோரிடம் ஒரு வண்டி இருந்தது. அது நன்றாக ஓடிக்கொண்டும் இருந்தது. அப்படியிருக்கப் புது வண்டியை யாருக்கு விற்பது? கையிலுள்ள வண்டி பழையதாகிவிட்டது என்ற எண்ணத்தை ஆண்டுதோறும் உண்டாக்க வேண்டும். அதற்கு யந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. உருவத்தை மாற்றினால் போதும். இருபது ஆண்டுக்கு அப்பாலுள்ள வண்டியைக் கண்ணெதிரே நிறுத்திக் காட்டிவிட்டால், வீட்டிலுள்ள வண்டியின்மீது தானாகவே சலிப்புத் தட்டிவிடும். இதுதான் கனவு வண்டியின் வியாபாரப் பயன்.

1949 முதல் 1961 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கண்காட்சிகளுக்கு மோட்டோராமா என்று பெயர். நியூயார்க்கிலுள்ள வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற பெரிய ஓட்டலில் தொடங்கி மற்ற நகரங்களுக்கும் அது செல்லும். நாட்டியமும் சங்கீதமும் உண்டு. அனுமதிக் கட்டணம் கிடையாது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்து பார்த்திருக்கிறார்கள். சில கனவுகளுக்கு உடனே உயிரும் வந்தது. 1953 ஜனவரியில் மேடையிலே சுழன்ற கார்வெட் என்ற வண்டியை மக்கள் மிகவும் விரும்பவே, அதே ஆண்டு ஜூனில் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

இனி அந்த வண்டிகளின் உருவத்துக்கு வருவோம். எதைப் பார்த்தாலும் ஆகாய விமானத்தின் சாயல் அடிக்கும். 1941-இல் டெட்ராய்ட்டுக்கு அருகிலுள்ள செல்ஃப்ரிட்ஜ் விமானத் தளத்தில், பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தை ஏர்ல் தம் உதவியாளர்களுடன் பார்த்தார். அந்த வால் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. யுத்தம் முடிந்ததும், 1948-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியின் பின்புறத்தில் அது இரண்டு சிறு துடுப்புகளாக முளைத்தது; வளர்ந்து வளர்ந்து 1959-இல் ஆள் இடுப்புக்கு மேல் நிற்கும் செதில்களாயிற்று. சாலையில் ஓடும் வண்டிக்கு அவற்றால் சொல்லத்தக்க பயன் எதுவும் இல்லை. 1951-இல் வெளிவந்த லா சாபர் என்ற கனவு வண்டி, சாபர் என்ற ஜெட் போர் விமானத்தின் பெயரையே தாங்கிக்கொண்டது. ஜெட் விமானத்தின் வாய் போன்ற வட்டம் அதன் முகப்பில் இருந்தது. காற்றை உறிஞ்சும் வாயல்ல அது. முன்விளக்குகள் ஒளிந்திருக்கும் பெட்டி!

உருவம் போதாதென்று, ஜெட் விமானத்தின் யந்திரத்தையே வண்டியில் வைத்துப் பார்த்தார்கள். இதில் அமெரிக்கருக்கு முந்தியவர்கள் ஆங்கிலேயர். ரோவர் கம்பெனியார் 1950-இல் ஜெட் ஒன்று என்ற வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். 1952-இல் பெல்ஜியம் நாட்டுச் சாலையொன்றில் அது மணிக்கு 152 மைல் வேகம் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் ஃபயர்பேர்ட் என்ற வண்டியை மோட்டோராமாவில் நிறுத்தியது. சக்கரம் கட்டிய ஜெட் விமானம் என்பதைத் தவிர அதை வேறுவிதமாக வர்ணிக்க முடியாது. ஓர் ஆள்தான் உட்காரலாம். தலைக்குமேல் கண்ணாடிக் குமிழ். இருபுறமும் குட்டைச் சிறகு. முதுகில் நட்டுக்குத்தான ஒரு வால். 370 குதிரைச் சக்தி. பின்னாலிருந்து வெளிவரும் வாயுவின் உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் 1,250 டிகிரி. பின்னால் வருகிறவன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த டர்பைன் யந்திரத்தின் தத்துவத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. சாதாரண மோட்டாரில், சிலிண்டருக்குள் பெட்ரோல் விட்டு விட்டு வெடிக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அந்தப் போக்குவரத்தைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புகிறோம். டர்பைனில் வெடிப்பும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. ஒரு விசிறி காற்றை உள்ளே இழுத்து அமுக்குகிறது. அமுங்கிய காற்றில் எண்ணெய் இடைவிடாமல் எரிகிறது. சூடேறி விரிந்த வாயு, தகடுகள் பொருத்திய சக்கரங்களின்மீது பாய்ந்து அவற்றைச் சுழற்றுகிறது. ஒரு சக்கரம் விசிறியை ஓட்டும். மற்றொன்று வண்டியை ஓட்டும். நகரும் உறுப்புகள் மிகக் குறைவு; அதிர்ச்சியும் இல்லை. எரியக்கூடிய எண்ணெய் எதுவானாலும் பெரும்பாலும் போதும். காகிதத்தில் பார்த்தால், பிஸ்டன் யந்திரத்தை நூதனசாலைக்கு அனுப்பிவிடலாம் என்றே தோன்றும்.

காகிதத்தைத் தாண்டி இதை உண்மையாகச் சோதித்த பெருமை கிரைஸ்லர் கம்பெனிக்கு உரியது. மேடையில் சுழலவிட்டுக் கைதட்டல் வாங்குவதோடு அவர்கள் நிற்கவில்லை. ஜார்ஜ் ஹ்யூப்னர் என்ற எஞ்சினியரின் தலைமையில் செய்த டர்பைன் வண்டிகள் ஐம்பதை, 1963 இறுதியிலிருந்து 1966 தொடக்கம் வரை, பொதுமக்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் 203 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் இலவசமாக ஓட்டக் கொடுத்தார்கள். எண்ணெய்ச் செலவு மட்டும் ஓட்டுபவருடையது. அவர்கள் அனைவரும் ஓட்டிய தூரம் பத்து லட்சம் மைலுக்கு மேல். மேற்கூடு இத்தாலியில் டூரின் நகரத்தில் கியா பட்டறையில் கட்டப்பட்டது. நிறம் வெண்கலம் போன்றது. அந்த வண்டி டீஸலில் ஓடியது, மண்ணெண்ணெயில் ஓடியது, கடலை எண்ணெயில்கூட ஓடியது. மெக்ஸிகோ நாட்டு ஜனாதிபதி டெகீலா என்ற சாராயத்தில் ஓடுமா என்று கேட்க, அதையும் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். விசித்திரம் என்னவென்றால், அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு கிடைத்த சாதாரணப் பெட்ரோல் ஒன்றுதான் அதற்கு ஆகாது. அதில் கலந்திருந்த ஈயம் டர்பைன் உறுப்புகளில் படிந்து கெடுத்தது.

இத்தனையும் இருந்தும் அது ஏன் நிலைக்கவில்லை? விமானத்துக்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. விமானம் ஏறியபின் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் பறக்கிறது. டர்பைனுக்கு உகந்த நிலை அதுவே. நகரத்து மோட்டாரோ நிற்கிறது, புறப்படுகிறது, மறுபடி நிற்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே கிரைஸ்லர் டர்பைன் நிமிஷத்துக்குச் சுமார் இருபதினாயிரம் சுற்றுச் சுற்றி எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் அது நாற்பத்துநாலாயிரத்துக்கு மேல். காலால் அழுத்தினால், சக்கரங்கள் அந்த வேகத்தை எட்டும்வரை ஒரு விநாடி, ஒன்றரை விநாடி தாமதித்தே வண்டி பாயும். கொதிக்கும் வாயுவைத் தாங்கும் உலோகங்களுக்கு விலை அதிகம். புகைக்குழாயில் வீணாகும் உஷ்ணத்தில் ஒரு பகுதியை மீட்டு, உள்ளே வரும் காற்றுக்கே கொடுக்கும் சுழல் சாதனங்கள் இரண்டை வைத்து ஹ்யூப்னர் குழுவினர் பெருமளவு வெற்றி கண்டார்கள். ஆயினும் பிஸ்டன் யந்திரத்தை விலையிலும் சிக்கனத்திலும் வெல்ல முடியவில்லை. சோதனை முடிந்ததும், மாதிரிகள் உட்பட 55 வண்டிகளில் 46 அழிக்கப்பட்டன. எஞ்சியவை ஒன்பது. என் அபிப்பிராயத்தில், இந்தத் தோல்வி மோட்டோராமாவின் பல வெற்றிகளைவிட மதிப்பு வாய்ந்தது. ஏனென்றால், இங்கேதான் கனவை மனிதனுடைய அன்றாட வாழ்க்கையில் உரசிப் பார்த்தார்கள்.

உரசிப் பார்க்கவே முடியாத கனவும் ஒன்றுண்டு. அது 1958-இல் ஃபோர்டு கம்பெனி காட்டிய நியூக்ளியான். அது அணுசக்தியால் ஓடும் மோட்டார். பின்பக்கம் ஒரு சிறிய அணு உலை, அதன் வெப்பத்தால் நீராவி, நீராவியால் சக்கரம். ஐயாயிரம் மைல் ஓடியபின் உலையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். நாட்டிலஸ் என்ற அணு நீர்மூழ்கிக் கப்பல் 1955-இல் கடலோடத் தொடங்கியிருந்ததால், அடுத்தது மோட்டார்தான் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. உலை மட்டும் சிறியதானால் போதாதே! அதன் கதிர்களிலிருந்து ஆளைக் காக்கும் கவசமும் வேண்டும். அதே ஆண்டுகளில் அமெரிக்க விமானப்படை ஒரு பெரிய குண்டு விமானத்தில் அணு உலையை ஏற்றிச் சோதித்தபோது, விமானிகள் அமரும் பகுதிக்கு மட்டும் பத்து டன்னுக்கு மேற்பட்ட ஈயமும் ரப்பருமான கவசம் தேவைப்பட்டது. இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் உலை என்னாகும் என்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டில் மூன்று பங்கு அளவுள்ள பொம்மையாகவே நியூக்ளியான் பிறந்தது, பொம்மையாகவே நின்றுவிட்டது.

தானே ஓடும் வண்டியின் வரலாறு இதைவிட ஆழமானது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சியில், நாடக மேடை அமைப்பதில் பேர் பெற்ற நார்மன் பெல் கெடஸ் என்பவர், ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஃப்யூச்சராமா என்ற காட்சியை அமைத்தார். பார்வையாளர்கள் நகரும் நாற்காலிகளில் அமர்ந்து, விமானத்திலிருந்து பார்ப்பதுபோல், 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவைக் கீழே பார்ப்பார்கள். ஐம்பதாயிரம் சின்னஞ்சிறு வண்டிகள் அதில் இருந்தன. பதினாயிரம் வண்டிகள் உண்மையாகவே ஓடின. ஒன்றையொன்று குறுக்கிடாத அகன்ற சாலைகள் ஊர்களை இணைத்தன. வெளியே வரும்போது, எதிர்காலத்தைக் கண்டுவிட்டேன் என்று எழுதிய ஒரு சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்தார்கள். அந்தக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே செப்டம்பரில் இரண்டாவது உலக மகாயுத்தம் மூண்டது.

ஃப்யூச்சராமாவின் சாலைகள் பலித்தன. 1956-இல் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் 41,000 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலைகள் போடுவதென்று தீர்மானமாயிற்று. சாலை வழிகாட்ட, வண்டி அதைத் தொடர்ந்து செல்லும் என்ற பகுதிதான் பாக்கி நின்றது. அதற்கும் முயற்சி நடந்தது. தொலைக்காட்சியின் முன்னோடிகளுள் ஒருவரான ஸ்வோரிகின், ஆர்.ஸி.ஏ. ஆராய்ச்சிக் கூடத்தில் தரையில் பதித்த கம்பியைப் பின்பற்றி ஓடும் சிறு பொம்மை வண்டியை 1953-இல் செய்து காட்டினார். 1957-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகருக்கு வெளியே, உண்மையான சாலையிலேயே 400 அடி நீளத்துக்கு மின்சுற்றுகளைப் பதித்துச் சோதனை செய்தார்கள். 1958-இல் வந்த மூன்றாவது ஃபயர்பேர்டில் ஸ்டீயரிங் சக்கரமே கிடையாது. விமானத்தில் இருப்பதுபோல் ஒரு கைப்பிடி மட்டும் உண்டு. சாலைக் கம்பியைப் பின்பற்றும் சாதனமும் அதில் இருந்தது.

இதன் தத்துவம் மிகவும் எளிது. சாலையின் நடுவில் புதைத்த கம்பியில் மாறுமின்சாரம் பாய்கிறது. கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. வண்டியின் முன்பக்கத்தில் இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. வண்டி நேரே சென்றால் இரண்டிலும் சம அளவு மின்சாரம் தூண்டப்படும். வண்டி வலப்பக்கம் ஒதுங்கினால், கம்பிக்கு அருகில் வந்த இடச் சுருளில் அது மிகும். வலச் சுருளில் குறையும். அந்த வித்தியாசத்தைக் கொண்டே சக்கரங்களை மறுபடி இடப்பக்கம் திருப்பிவிடலாம். உங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இதன் சிறு மாதிரியை நீங்களே செய்து பார்க்க முடியும். 1960-களில் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு ஸிட்ரோயன் வண்டியை இம்முறையில் மணிக்கு 80 மைல் வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள்.

முடியாத காரியமல்ல; ஆனால் செய்யப்படவில்லை. அறிவை வண்டியில் வைக்காமல் சாலையில் வைத்ததே காரணம். கம்பி பதித்த சாலை இல்லையென்றால் அந்த வண்டியால் பயனில்லை. அத்தகைய வண்டிகள் ஏராளமாக இல்லையென்றால் கம்பி பதிக்க யாரும் பணம் தரமாட்டார்கள். கம்பிக்கு வழி தெரியுமே தவிர, குறுக்கே ஓடிவரும் குழந்தை தெரியாது. கணிதப் பொறிகளும் காமராக்களும் சிறியனவாகி, அறிவு வண்டிக்குள்ளேயே ஏறிக்கொண்ட பிறகுதான் இந்தக் கனவு மறுபடி எழுந்தது. அப்போதும் எளிதில் கைகூடவில்லை. 2004-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையார் மொஹாவி பாலைவனத்தில் நடத்திய 150 மைல் பந்தயத்தில், தானே ஓடும் வண்டிகளில் ஒன்றுகூட எட்டு மைலைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் முடித்தன. 2020-இல் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஓட்டுநரில்லாத வாடகை வண்டிகள் பொதுமக்களை ஏற்றிச் செல்லத் தொடங்கின. திரைப்படக் குடும்பம் குறித்த ஆண்டுக்கு நாற்பத்துநான்கு ஆண்டுகள் பிந்தி!

பெரிய கனவுகளின் கதை இப்படி. கனவு வண்டிகளில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன வசதிகளோ, சந்தடியில்லாமல் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. லா சாபர் வண்டியில் மழைத்துளி பட்டதும் மேற்கூரையைத் தானே மூடும் கருவி இருந்தது. இன்று அதுபோன்ற கருவி முன்கண்ணாடியைத் துடைக்கிறது. 1956-இல் வந்த ப்யூக் ஸென்சூரியனில் பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக் காமராவும் திரையும் இருந்தன. 1959-ஆம் ஆண்டுக் காடிலாக் ஸைக்ளோனின் இரண்டு கூரிய மூக்குகளில், எதிரே தடை வந்தால் எச்சரிக்கும் ராடார் இருந்தது. பார்த்தவர்கள் இவற்றை ஒரு வேடிக்கையாகவே கருதியிருக்க வேண்டும். அவர்கள் கண் முழுவதும் கண்ணாடிக் குமிழிலும் செதிலிலும் இருந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் சித்திரை வெயிலில் உட்கார்ந்து பார்த்தவன் அதை விரும்பமாட்டான் என்பது வேறு விஷயம்.

இப்போது அந்தக் கனவில் இல்லாததைப் பார்ப்போம். மோட்டோராமாவில் அந்தக் குடும்பம் பாட்டுப் பாடிய அதே 1956-இல், அமெரிக்கச் சாலைகளில் விபத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். பத்து ஆண்டில் அந்த எண்ணிக்கை ஐம்பதினாயிரத்தைத் தாண்டியது. கனவு வண்டிகளின் பளபளப்பான முகப்பைப் பார்த்தால் இந்தச் செய்தி எங்குமே தெரியாது. விமானத்தின் மூக்கை எடுத்துக்கொண்டார்கள், வாலை எடுத்துக்கொண்டார்கள், யந்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். விமானி உட்கார்ந்ததும் முதலில் பூட்டிக்கொள்கிறானே ஒரு பட்டை, அதைப் பெருமையாகக் காட்ட வேண்டுமென்று தோன்றவில்லை. காட்டினால் விபத்து நினைவு வரும். விபத்து நினைவு வந்தால் வண்டி விற்காது என்பதே அந்நாளைய வியாபாரிகளின் எண்ணம்.

ஆனால் விமானத்திலிருந்து வேறொரு பாடம் கற்றவரும் இருந்தார். ஹ்யூ டிஹேவன் என்பவர் முதல் உலக யுத்தத்தின்போது, 1917-இல், விமானப் பயிற்சி பெற்ற இளைஞர். வானில் இரண்டு விமானங்கள் மோதி விழுந்ததில் அவர் பலத்த காயத்துடன் பிழைத்தார். மற்ற விமானத்தில் இருந்தவர் பிழைக்கவில்லை. தாம் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம் என்று அவர் விட்டுவிடவில்லை. விமானத்தில் தாம் இருந்த பகுதி நசுங்காமல் நின்றதையும், வயிற்றில் தமக்குக் காயம் செய்தது பட்டையின் கூரிய பூட்டு என்பதையும் கவனித்தார். பிற்காலத்தில் மிக உயரத்திலிருந்து முட்டைகளை ரப்பர் மெத்தைமீது போட்டுப் பார்த்தார். உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த மனிதர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு நம் ஊர்க் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்ததுதான்: கண்ணாடிச் சாமானை அனுப்புகிறவன் பெட்டியை உறுதியாகச் செய்கிறான், சாமான் உள்ளே ஆடாமல் கட்டுகிறான், உட்புறத்தில் வைக்கோல் வைக்கிறான். மனிதனை அனுப்பும்போது மட்டும் ஏன் இதை மறந்தோம்?

டிஹேவன் பணியாற்றிய கார்னெல் சர்வகலாசாலையைச் சார்ந்த விமான ஆராய்ச்சிக்கூடத்தார், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொருளுதவியுடன் 1957-இல் ஒரு வண்டியைச் செய்தார்கள். அதில் ஓட்டுபவர் நடுவில் அமர்வார், மார்பில் குத்தக்கூடிய ஸ்டீயரிங் தண்டுக்குப் பதிலாக இரண்டு கைப்பிடிகள், எல்லோருக்கும் பட்டைகள், தலை பின்னே சாயாதபடி தாங்கிகள், முட்டினால் நோகாத மெத்தை உட்புறம். அழகு என்று அதைப் புகழ்ந்தவர் யாரையும் நான் படித்ததில்லை. அதே ஆண்டில், கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ஜூலியானோ என்ற பாதிரியார், அரோரா என்ற பெயரில் தாமே ஒரு பாதுகாப்பு வண்டியைக் கட்டினார். முன்கண்ணாடி தலையில் இடிக்காமலிருக்க வெளியே குமிழ்போல் பிதுங்கியிருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட நியூயார்க்குக்கு ஓட்டிச் சென்றபோது வழியில் பலமுறை நின்றுபோய்ப் பல மணி நேரம் தாமதித்து வந்து சேர்ந்தார். பார்த்தவர்கள் அதன் அவலட்சணத்தைக் கண்டு சிரித்தார்கள். ஒரு வண்டிகூட விற்கவில்லை.

1959-இல் ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்பவர், தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிடித்து, ஒரே கையால் பூட்டக்கூடிய மூன்று முனைப் பட்டையை அமைத்தார். ஆபத்து வேளையில் ஜெட் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை அமைப்பதே அவருடைய முந்தைய வேலை. ஜெட் விமானம் மோட்டாருக்கு அளித்த உண்மையான கொடை இதுதான். அது செதிலின் வழியாக வரவில்லை. இந்த வழியாக வந்தது. அந்தக் கம்பெனியார் பட்டையை மற்றவர்களும் உபயோகிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். 1966-இல் அமெரிக்காவில் மோட்டார்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் அங்கே புதிய கார்கள் பட்டையோடுதான் விற்கப்பட வேண்டும் என்றாயிற்று.

ஹார்லி ஏர்ல் 1958 இறுதியில் ஓய்வு பெற்று 1969-இல் காலமானார். மோட்டோராமா வண்டிகளில் பலவற்றை உடைத்துப் போடும்படி கம்பெனியே உத்தரவிட்டிருந்தது. அடியோடு அழியாமல் தப்பிய நான்கு வண்டிகள் 1980-களின் இறுதியில் டெட்ராய்ட்டுக்கு அருகே ஒரு பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டன. டியர்பர்ன் நகரில் ஹென்றி ஃபோர்டின் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அணு மோட்டாராகிய நியூக்ளியானின் பொம்மை அதன் சேகரத்தில் உள்ளது. பட்டைகளும் தலைத் தாங்கிகளும் கொண்ட அந்தக் கார்னெல் வண்டியும் அதே சேகரத்தில்தான் இருக்கிறது.